மணற்கல்லில் ஓர் இளைய மணி

கருங்கல்லிடம் வயது கேட்டால் அது தன் வயதைச் சொல்லும். மணற்கல் அப்படியல்ல, தன்னிடம் வந்து சேர்ந்தவர்களின் வயதைத்தான் சொல்லும். எங்கெங்கோ நின்ற மலைகள் தேய்ந்து, ஆற்றோடு வந்து, ஒரு பள்ளத்தில் படிந்து, மேலே விழுந்த பாரத்தில் இறுகியதுதான் மணற்கல். அதிலுள்ள மணல்மணி ஒவ்வொன்றும் கல்லைவிட மூத்தது. ஆகவே அதன் வயதைத் தேடுகிறவர்கள் அதிலிருக்கும் ஆக இளைய மணியைத் தேடுகிறார்கள். ஒரு குடும்பப் புகைப்படத்தில் கைக்குழந்தை இருந்தால், அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. அவ்வளவுதான் தத்துவம். குழந்தை அந்தக் குடும்பத்துடையதுதானா, பக்கத்து வீட்டிலிருந்து வந்து மடியில் உட்கார்ந்துகொண்டதா என்பதுதான் சிக்கல்.

அந்தக் குழந்தையைத் தேடி எடுக்கும் வேலை, ஓர் ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் இருந்தது. நிலையத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிடும்போது அதோடு ஓர் அண்ணன் சேர்ந்துகொள்வார். கீழ்த்தளத்தில் மூன்று அறைகள். முதல் அறையில் கல்லை உடைக்கும் இயந்திரம்; அங்கே பேசினால் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். இரண்டாவது அறை எப்போதும் ஈரம்: உடைத்ததைச் சலித்து, ஆடும் மேசையில் நீர் விட்டு அலசி, பிறகு கனத்த திரவம் ஒன்றில் கொட்டினால் சாதாரண மணல் மிதக்கும், கனமான மணிகள் அடியில் இறங்கும். மூன்றாவது அறையில் சத்தமும் இல்லை, ஈரமும் இல்லை. ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு நாற்காலி, ஒரு ஊசி. உப்புத்தூள் அளவுள்ள, ஜிர்கான் என்ற கனிமத்தின் மணிகளை ஒவ்வொன்றாக ஊசி முனையில் தொட்டு, ஒட்டுநாடாவில் வரிசையாக வைப்பார். மேல்தளத்தில் அவற்றை லேசரால் சுட்டு வயது பார்ப்பார்கள்.

ஜிர்கானை ஏன் தேடுகிறார்கள் என்று கேட்டால் அவர் சொல்லும் விளக்கம் சுருக்கமானது. "அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ள விடும், ஈயத்தை விடாது. அப்புறம் உள்ள போன யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா ஈயமா மாறும். ஆக உள்ள இருக்கிற ஈயம் எல்லாம் அங்கேயே கிழடு தட்டினது. எவ்வளவு ஈயம்னு பார்த்தா எவ்வளவு காலம்னு தெரியும்." மேல்தளத்துக்காரர்கள் இதையே அரை மணி நேரம் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் திருத்தங்களும் விதிவிலக்குகளும் இருக்கும். அவர் சொல்வதில் இருக்காது. இரண்டில் எது மேல் என்று நான் சொல்லப்போவதில்லை.

அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி, மின்வேலை செய்பவர், இந்த வேலையைப் பற்றி ஒரே ஒரு நகைச்சுவை வைத்திருந்தார். அதைப் பல வருடங்களாகச் சொல்லிவந்தார். "எங்கக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டாங்க. மணல் பொறுக்குறார்னு சொன்னோம். அப்ப பொறுக்கியான்னாங்க. ஆமா, ஆனா மாசச் சம்பளம் வாங்குற பொறுக்கின்னு சொல்லிக் கட்டி வச்சோம்." அக்கா ஒவ்வொரு முறையும் சிரிப்பார். அக்கா இறந்த பிறகு மைத்துனர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

கீழ்த்தளத்தில் ஒரு விதி இருந்தது: ஒரு கல்லுக்கு ஒரு துணி. சலிக்கப் பயன்படும் வட்டச் சட்டத்தில் கண்ணி நெருக்கமான நைலான் துணி ஒன்றைப் பூட்டுவார்கள். ஒரு கல்லைச் சலித்து முடித்ததும் சட்டத்தைக் கழுவலாம். துணியைக் கழுவக் கூடாது, கிழித்துப் போட்டுவிட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் ஏதாவது ஒரு கண்ணியில் ஒரு மணி சிக்கிக்கொண்டிருக்கும். அடுத்த கல்லைச் சலிக்கும்போது அது உதிர்ந்து இறங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை மடியில் வந்து உட்காருவது அப்படித்தான். சல்லடை அண்ணன் துணியைக் குறுக்கே கிழித்துத்தான் தொட்டியில் போடுவார். யாராவது சிக்கனம் பார்த்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

கால் வீங்கியிருக்கிறது என்று மருத்துவமனைக்குப் போன அவர் மனைவி, ரத்தக்கட்டு நுரையீரலுக்கு ஏறி, மறுநாள் காலையில் இறந்துபோனார். அந்த வாரமே அவர் வேலைக்குத் திரும்பினார். வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உறவினர்களில் பாதிப்பேர் "மனுஷன் உடைஞ்சு போகாம நிக்கிறார்" என்றார்கள். மீதிப்பேர் "கல்லோட பழகிப் பழகி மனசும் கல்லாயிடுச்சு" என்றார்கள். இரண்டையும் அவர் கேட்டார். இரண்டும் வேறு யாரைப் பற்றியோ சொல்லப்படுவது போலத்தான் இருந்தது.

அழுகை வரும் என்று அவர் காத்திருந்தார். அது வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாருடைய உதட்டையோ தொடுவது போலிருக்குமே, உள்ளே எல்லாம் அப்படித்தான் இருந்தது. ஊசியின் மரப்பு இரண்டு மணி நேரத்தில் போய்விடும் என்று பல் மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். அவர் மகள் அப்படி ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில்தான் வேலை பார்த்தாள். நாள் முழுதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மகள் திருமணமாகாதவள், அப்பாவோடு இருந்தாள். அம்மா போன பிறகு சமையல் அவளுடையது. ஒரு நாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். மறுநாள் வேண்டுமென்றே இரண்டு பங்கு போட்டாள். அதையும் சாப்பிட்டார்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

"நேத்து?"

"நேத்தும் சரியாத்தான் இருந்துச்சு."

"உப்புப் போட்டுத்தான சாப்பிடுறீங்கன்னு யாரும் உங்களக் கேக்க முடியாதுப்பா. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்." அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவருகில் நின்று, திரும்பாமல் சொன்னாள். "அம்மா செத்த வாரமே சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனவர்தான நீங்க."

அவர் மறுக்கவில்லை. சட்டையைத் தேய்த்தது நினைவில்லை, ஆனால் தேய்த்திருப்பார். அவருடைய எண்ணத்திலும் மகள் சொன்னதுதான் உண்மை: தன் மனைவி இறந்தார், தான் எப்போதும் போல வேலைக்குப் போனார், எப்போதும் போல வேலை செய்தார். இதை அவர் ஒரு குற்றமாக உணரவில்லை. எதையும் எதுவாகவும் உணரவில்லை.

இப்படியே சில மாதங்கள் போயின. பிறகு ஒரு நாள் மேல்தளத்திலிருந்து ஆய்வு மாணவி ஒருத்தி படியிறங்கி வந்தாள். முனைவர் பட்டம் இன்னும் வாங்காதவள். அதனாலேயே சல்லடை அண்ணன் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். அவளுடைய ஆராய்ச்சி ஒரு பழைய ஆற்றுப்பள்ளத்தைப் பற்றியது. அறுநூறு மீட்டர் கனத்துக்கு மணற்கல் அடுக்கடுக்காகக் கிடந்தது. அடியிலிருந்த அடுக்கின் வயது தெரியும்: தொண்ணூறு மில்லியன் வருடம். உச்சி அடுக்கின் வயது தெரிந்தால், நடுவில் எவ்வளவு காலம் என்று தெரிந்துவிடும். கனத்தைக் காலத்தால் வகுத்தால் ஆறு எந்த வேகத்தில் மணலைக் கொண்டுவந்து போட்டது என்று சொல்லிவிடலாம். உச்சி அடுக்கில் இதுவரை கிடைத்த இளைய மணிகள் எண்பத்து நான்கு மில்லியன் காட்டின. அப்படியானால் பத்து வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். விறுவிறுப்பான ஆறு. அவள் பாதி ஆய்வேட்டை அதை நம்பி எழுதியிருந்தாள்.

"அண்ணே, ஒரு மணி அறுபது காட்டுதுண்ணே."

"அறுபதா?"

"அறுபது மில்லியன். மத்ததெல்லாம் எண்பத்து நாலுக்கு மேலதான். இது ஒண்ணு மட்டும் தனியா நிக்குது." அவள் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினாள். கூட்டமாக மேடுகள், தள்ளி ஒரே ஒரு புள்ளி. "இது நிஜம்னா ஆறு அஞ்சு மடங்கு மெதுவாப் போயிருக்கு. ஒரு மில்லிமீட்டருக்கு அம்பது வருஷம். நான் எழுதினது எல்லாம் குப்பை."

"ஒரு மணிதான?"

"ஒரு மணிதான். அதான் சார் கீழ வர்றார்."

சார் என்பது நிலையத்தின் இயக்குநர். அவர் கீழ்த்தளத்துக்கு வருவது அபூர்வம். வந்தவர் உட்காரவில்லை, நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் உட்கார வேண்டியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு மணிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஒரு மணி இருக்கும்போது அது இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் இயக்குநர். "அது கல்லுலேருந்து வந்துச்சா, இந்த அறையிலேருந்து வந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி. நீங்க துணிய மாத்தினீங்களா?"

"எப்பவும் மாத்துவேன் சார்."

"எப்பவும்ங்கிறது பதில் இல்ல. அந்தக் கல்லுக்கு மாத்தினீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். அது எந்த வாரம் என்று டாக்டரம்மாதான் மெதுவாகச் சொன்னாள். மனைவி இறந்த வாரம். வேலைக்குத் திரும்பிய அந்த நாட்களிலிருந்து அவருக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது: உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் நன்றாக இருந்தது. மற்றபடி ஒரு சுவர்.

"ஞாபகம் இல்ல சார்."

இயக்குநர் கெட்ட மனிதரல்ல. நல்ல மனிதர் என்று சொல்வதற்கும் அவரோடு அதிகம் பழகியிருக்க வேண்டும். அவர் விஷயத்தை நேராகச் சொன்னார். மிச்சமிருக்கும் பாதிக் கல்லை மறுபடி உடைத்துப் பார்ப்போம். அறுபது மறுபடி வந்தால், கல்லில் இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம். வராவிட்டால், இந்த அறையின் மேல் நம்பிக்கை போய்விடும். மணி பொறுக்கும் வேலையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவோம். நீங்கள், நிலத்தைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் அடுக்கியிருக்கும் கிடங்குக்குப் போக வேண்டியிருக்கும். சம்பளம் குறையாது.

சம்பளம் குறையாது என்பது ஆறுதலாகச் சொல்லப்பட்டது. அவர் தலையாட்டினார். ஆனால் அவருக்கு அந்த மூன்றாவது அறைதான் மிச்சமிருந்தது. வீட்டில் எதைத் தொட்டாலும் ஊசி போட்ட உதடு. அங்கே மட்டும் ஊசியின் முனை மணியைத் தொடும்போது விரலுக்குத் தெரிந்தது. அதையும் எடுத்துவிட்டால் தொடுவதற்கு வேறொன்றும் இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

மறுபாதியை உடைக்கும்போது டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றாள். புதுத் துணியை அவளே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சலித்து, அலசி, திரவத்தில் இறக்கி, காந்தத்தால் இரும்புக் கனிமங்களை விலக்கி, கடைசியில் ஒரு சிட்டிகை மணிகள் கண்ணாடித் தட்டில் வந்து சேர்ந்தன. அவள் மேலே போய்விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

பொறுக்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. அழகாக இருக்கிறது என்று எதையும் எடுக்கக் கூடாது. தட்டின் ஓர் ஓரத்தில் தொடங்கி, பட்டை பட்டையாக நகர்ந்து, கண்ணுக்கு முன் வருகிற ஜிர்கான் எதுவானாலும், உருண்டையோ உடைசலோ, எடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். வரிசை நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும். தேர்ந்தெடுத்தால் கல் சொல்வதைக் கேட்காமல் நாம் கேட்க விரும்புவதைக் கேட்டதாகிவிடும்.

வரிசை முக்கால்வாசி நிரம்பியிருந்தபோது, பட்டைக்கு வெளியே, தட்டின் மறுகோடியில் ஒரு மணியைப் பார்த்தார். மற்றவை ஆற்றில் உருண்டு உருண்டு முனை மழுங்கியவை. இது நீளமாக, முனை கூராக, தையல் ஊசி போலிருந்தது. எரிமலைச் சாம்பலோடு வந்து விழும் மணிகள் அப்படி இருக்கும். வழியில் தேயாதவை, பெரும்பாலும் இளையவை. அது அறுபதாக இருக்கலாம். இருந்தால் அந்த மணி கல்லுடையது, அறை தப்பியது.

தட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அது அவர் பட்டைக்குள் வந்துவிடும். யாரும் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று கேட்கப்போவதில்லை.

அவர் கை தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. தனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று மாதக்கணக்கில் இல்லாமல் அன்றுதான் தோன்றியது. வாய் உலர்ந்திருந்தது. காதுக்குள் துடிப்பு கேட்டது. மனைவியைக் கொண்டுபோன அன்றுகூட அவருக்கு இப்படி ஆகவில்லை. ஒரு மணிக்காக ஆகிறது. அதை அவர் அருவருப்போடு கவனித்தார். பிறகு அருவருப்பும் மெல்ல மரத்தது.

கையை எடுத்துவிட்டார். வரிசையைப் பழைய பட்டையிலேயே முடித்தார். மேல்தளத்துக்குப் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார்.

"அந்தக் கோடியில ஒண்ணு கிடக்கு. ஊசி மாதிரி. நான் பார்த்துட்டேன்."

"சரி, பார்த்துட்டீங்க. அதுக்கென்ன?"

"எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. தட்டைத் திருப்பப் பார்த்தேன். அதனால இனி என் கையால எடுக்க மாட்டேன்."

அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "அண்ணே, இதுக்காகவா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தீங்க? இந்த மாதிரி கூரா இருக்கிறத நாங்களே தனியாப் பொறுக்கச் சொல்லுவோமே. எந்த வயசு மணி எவ்வளவு இருக்குன்னு பார்க்கத்தான் கண்ண மூடிக்கிட்டு எடுக்கணும். ஆக இளசு எதுன்னு பார்க்கணும்னா கண்ணத் தொறந்து தேடி எடுக்கலாம். ரெண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். தனி வரிசையில வச்சு, தனின்னு எழுதிடுங்க."

அவர் அந்த மணியைத் தனியாக ஒட்டினார். இதை நேர்மை என்று உடனே சொல்லிவிட வேண்டாம். தன் ஆசையைப் பார்த்துப் பயந்தவர் அதைக் கையிலிருந்து இறக்கிவைத்தார். அதற்குமேல் சொன்னால் கூடுதல். பரிசும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊசி மணி ஆயிரத்து நூறு மில்லியன் காட்டியது. ஏதோ ஒரு பெரிய கூழாங்கல்லுக்குள் ஒளிந்து, முனை தேயாமல் வந்து சேர்ந்த கிழம். மற்ற வரிசையிலும் அறுபது இல்லை. எண்பத்து நான்கோடு நின்றது.

"இதை வச்சும் முடிவா சொல்ல முடியாது" என்றார் இயக்குநர். "அபூர்வமா இருக்கிற மணின்னா ரெண்டாவது தடவ கைக்கு வராமலும் போகும்." யாருக்கும் அது திருப்தியாக இல்லை.

முடிவு தேநீர் இயந்திரத்தின் முன்னால் தெரிந்தது. நிலையத்தில் இன்னொருவர் எரிமலைச் சாம்பல் அடுக்குகளை மட்டுமே ஆராய்பவர். சாம்பல்காரர் என்று பெயர். எதற்கும் கவலைப்படாதவர், யாருடைய பேச்சிலும் நுழைபவர். டாக்டரம்மா கைப்பேசியை வைத்துக்கொண்டு சல்லடை அண்ணனிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அட, இவன் நம்ம ஆளாச்சே."

"யாரு சார்?"

"இந்த அறுபது. அறுபது புள்ளி நாலுதான? யுரேனியம் இவ்வளவு கம்மியாவா?" அவர் திரையைத் தொட்டுப் பெரிதாக்கினார். "என் மலையில இருக்கிற சாம்பல் பூரா இதே வயசு, இதே யுரேனியம். மச்சத்தோட பொறந்த குடும்பம் மாதிரி, எங்க பார்த்தாலும் தெரியும். உன் ஆத்துக்கு எப்படி வந்தான்? நடுவுல கடலே இருக்கேம்மா." தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு நகரப் போனவர், இருவர் முகத்தையும் பார்த்து நின்றார். குரல் இறங்கியது. "அண்ணே... என் கல்லு, இவங்க கல்லுக்கு முன்னாடி சலிச்சீங்களா?"

சல்லடை அண்ணனுக்கு அது தெளிவாக நினைவிருந்தது. சாம்பல் கல்லைச் சலித்த அன்று மாலைதான் மனைவி கைப்பேசியில் கூப்பிட்டு, கால் வீங்கியிருக்கிறது, வரும்போது வலி மருந்து வாங்கிவாருங்கள் என்றார். அவர் சட்டத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். துணியைக் காலையில் கிழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் அவர் அடுத்து வேலைக்கு வந்தது அந்தக் காலையில் அல்ல, மனைவி இறந்த பிறகு வந்த ஒரு காலையில்.

"முன்னாடிதான் சார்" என்றார்.

"போச்சு போங்க" என்றார் சாம்பல்காரர், யாரையும் குறை சொல்லாத குரலில். டாக்டரம்மா படியேறிப் போனாள். ஆறு மறுபடி விறுவிறுப்பான ஆறாகிவிட்டது. அவள் எழுதியது தப்பியது. ஆனால் அவள் முகத்தில் அதற்கான அடையாளம் இல்லை. அந்த மாதங்களில் அவளுடைய மற்ற கற்களையும் அதே கைதான் சலித்திருந்தது.

அன்று மாலை வீட்டில் மைத்துனர் வந்திருந்தார், கழிப்பறை விளக்கைப் பழுது பார்க்க. ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். மகள் கீழே நின்று கைவிளக்கைப் பிடித்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"என்னைக் கிடங்குக்கு மாத்திடுவாங்க போல."

"ஏன் மச்சான்? பொறுக்கினது போதும்னுட்டாங்களா?" என்றார் மைத்துனர், மேலிருந்து. பழைய நகைச்சுவை பாதி வந்துவிட்டது. அவரே அதைப் பாதியில் விழுங்கினார்.

"துணிய மாத்தாம சலிச்சிருக்கேன் மாப்ளே. முந்தின கல்லோட மணி அடுத்ததுல கலந்துடுச்சு."

கைவிளக்கு அசைந்தது. "நேராப் பிடிம்மா" என்றார் மைத்துனர்.

"நீங்களா?" என்றாள் மகள்.

"ஆமா."

"நீங்க துணிய மாத்தலையா?"

"மாத்தல."

"எப்ப?"

அவர் சொன்னார். எந்த வாரம் என்று.

அவள் கைவிளக்கை மாமாவிடம் நீட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. குழாயை மூடிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"நான் கழுவி வச்ச டம்ளரை ரெண்டு தடவ கழுவுவாரு, என்னை ஒரு தடவ கூட நம்பினதில்லன்னு அம்மா சொல்லும்" என்றாள். "நீங்க எப்பவும் போல வேலைக்குப் போயிட்டீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

மேலே விளக்கு எரிந்தது. மைத்துனர் இறங்காமல் அங்கேயே ஏதோ திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இது ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. துக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்ததில் துக்கம் வந்துவிடுவதில்லை. அன்றிரவும் அவர் படுத்தவுடன் தூங்கினார். ஆனால் மகள் அதற்குப் பிறகு சட்டையைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் இயக்குநர் அவரை மேல்தளத்துக்கு அழைத்தார். இந்த முறை உட்காரச் சொன்னார். டாக்டரம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது" என்றார் இயக்குநர். "யாரா இருந்தாலும் நடக்கும். நான் ஒண்ணு யோசிச்சேன். அந்த ஒரு கல்லுல மட்டும் தவறு நடந்துச்சுன்னு வச்சுக்குவோம். அதை மட்டும் விலக்கிடலாம். அறைய மூட வேண்டியதில்ல. நீங்களும் அங்கேயே இருக்கலாம். நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு தடவதான், அதுக்கப்புறம் ஒழுங்கா மாத்திட்டேன். அவ்வளவுதான்."

அது நல்ல வழி. மூவருக்குமே நல்லது. டாக்டரம்மா அவரைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள்.

"தெரியல சார்" என்றார்.

"எது தெரியல?"

"எப்பலேருந்துன்னு தெரியும். எதுவரைக்கும்னு தெரியல."

"அதுக்கடுத்த வாரம்?"

"தெரியல."

"போன மாசம்?"

"மாத்தினதா நினைக்கிறேன். அந்தக் கல்லுக்கும் அப்படித்தான் நினைச்சேன்."

"நேத்து?"

"நேத்து மாத்தினேன் சார். இங்க வர்றதுக்கு முன்னாடி தொட்டியைத் திறந்து பார்த்தேன். கிழிஞ்சு கிடக்கு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழ்நாள் முழுக்க அடுக்குகளோடு பழகியவர்; வேறு மொழி அவருக்கு வரவில்லை. "அடி எல்லை இருக்கு, மேல் எல்லை இல்ல. எப்படிக் கணக்குப் போடுறது?"

"போட முடியாது சார்."

"நீங்க சொல்றதப் பார்த்தா, அந்த வாரத்துலேருந்து அந்த அறையில பொறுக்கின எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

"ஆமா சார். போட்டுடுங்க."

டாக்டரம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். அவளுக்கு அது ஒரு வருடம். புதிதாகக் கல் எடுக்கப் போக வேண்டும், வெளி ஆய்வகத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும். அதை அவரும் அறிவார், அறிந்துதான் சொன்னார். அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கலாம் என்று யாராவது வாதிட்டால், அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த வாரக் கடைசியில் மூன்றாவது அறையைக் காலி செய்தார்கள். மணிகளைப் பிசினில் பதித்த வட்டுகள், சிட்டிகை சிட்டிகையாக மணிகள் இருந்த கண்ணாடிக் குப்பிகள், எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கினார்கள். அவை எதற்கும் இனி வயதில்லை. எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத மணி வெறும் மணல். பின்பக்க முற்றத்தில் கழிவுப் பீப்பாய் இருந்தது. அவர் ஒரு பெட்டியைத் தூக்கப் போனபோது டாக்டரம்மா வாசலில் நின்றாள்.

"நான் கோவமா இருக்கேண்ணே."

"தெரியும்மா."

"இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்களோட பேச மாட்டேன். கிடங்குப் பக்கம் வந்தாலும் பார்க்காத மாதிரி போயிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரி."

"எவ்வளவு நாளைக்குன்னு கேக்காதீங்க."

"கேக்கல."

அவர் பெட்டியை ஒரு பக்கம் தூக்கினார். உள்ளே கண்ணாடி, பிசின், மணல், பார்ப்பதைவிடக் கனம். மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். படியில் அவர் பின்னோக்கி ஏற வேண்டியிருந்தது. "பார்த்து, இன்னும் ஒரு படி இருக்கு" என்றாள் அவள். அவர் காலால் தடவி, படியைக் கண்டு, ஏறினார்.